30 வருடப் பழைய போர்தோ பாட்டில்: எப்படித் திறப்பது, எப்படி ருசிப்பது?

கேள்வி: பாரிஸில் வேலை பார்க்கிறேன். பணி ஓய்வு பெற்ற என் மேலதிகாரி, தன் வீட்டு நிலவறையில் வைத்திருந்த ஒரு ஒயின் பாட்டிலை எனக்குக் கொடுத்தார். லேபிளில் ‘ஷத்தோ லெயோவீல் பார்ட்டன், சென் ஜூலியன், 1996’ என்று இருக்கிறது. அவரையும் அவர் மனைவியையும் வீட்டுக்கு அழைத்து அதைத் திறக்க ஆசை. எனக்கும் என் மனைவிக்கும் சூப்பர் மார்க்கெட் ஒயினைத் தாண்டிப் பழக்கமில்லை. இது இன்னும் குடிக்கும் நிலையில் இருக்குமா? எப்படித் திறப்பது? அதில் எதைக் கவனித்து ருசிக்க வேண்டும்?

பதில்:

நல்ல நிலையில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒழுங்கான நிலவறையில் படுத்துக் கிடந்த பாட்டில் என்றால், இப்போதுதான் அது தன் நல்ல காலத்தில் இருக்கிறது. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பழக்கமான இளம் ஒயினில் முதல் வாயிலேயே பழச்சுவை முட்டிக்கொண்டு வரும். இதில் அப்படி வராது. முதல் வாயை வைத்து எடைபோட்டால் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். இரண்டு மணி நேரம் அதோடு உட்காரத் தயாராக இருங்கள். கிளாஸுக்குள் அது மாறிக்கொண்டே போவதைக் கவனிப்பதுதான் பழைய ஒயினை ருசிப்பதில் முக்கால் பங்கு. கீழே நான் சொல்லப்போவது எல்லாமே அந்த இரண்டு மணி நேரத்தைப் பாழாக்காமல் இருப்பதற்கான வழிதான்.

உங்கள் கையில் இருப்பது என்ன என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்து குடித்தால் நாக்கு கூடுதலாக விழித்திருக்கும்.

போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்த் கழிமுகத்தின் இடது கரையை ஒட்டி நீளமாகக் கிடக்கும் பகுதி மெதோக். அதில் போயாக்குக்குத் தெற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர் சென் ஜூலியன். மண் பெரும்பாலும் கூழாங்கல்; தண்ணீர் தேங்காது, பகல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெதுவாகப் பழுக்கும் கபெர்னே சோவின்யோன் திராட்சைக்கு இந்த மண் சரியாகப் பொருந்தும். 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் பட்டியல் கேட்டபோது, போர்தோ தரகர்கள் அன்றைய விலைகளை அடிப்படையாக வைத்து மெதோக் ஒயின்களை ஐந்து தரங்களாகப் பிரித்தார்கள். அதில் சென் ஜூலியனுக்கு முதல் தரம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இவ்வளவு சின்ன ஊரில் 11 தோட்டங்கள் இன்று அந்தப் பட்டியலில் இருக்கின்றன. லெயோவீல் பார்ட்டன் இரண்டாம் தரம்.

பார்ட்டன் என்பது பிரெஞ்சுப் பெயர் இல்லை. அயர்லாந்திலிருந்து வந்த வணிகக் குடும்பம் அது. ஹியூ பார்ட்டன் 1821இல் லாங்கோவா தோட்டத்தையும், 1826இல் பழைய லெயோவீல் தோட்டத்தின் ஒரு பகுதியையும் வாங்கினார். இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இரண்டும் இருக்கின்றன. லெயோவீல் பார்ட்டனுக்கென்று தனி மாளிகை கிடையாது. ஒயின் லாங்கோவாவில்தான் தயாராகிறது. லேபிளில் இருக்கும் கட்டடப் படத்தைப் பாருங்கள், அது லாங்கோவா மாளிகைதான். உங்கள் பாட்டில் தயாரான காலத்தில் தோட்டத்தை நடத்தியவர் அந்தோனி பார்ட்டன், 2022இல் காலமானார். மற்றவர்கள் விலையைத் தாறுமாறாக ஏற்றிய ஆண்டுகளிலும் நியாயமான விலைக்கு விற்றவர் என்று போர்தோவில் அவருக்கு நல்ல பெயர். அதனால்தான் பெரிய பணக்காரர் அல்லாதவர்களின் நிலவறைகளிலும் இந்த ஒயின் இருக்கிறது. விற்பதற்காக அல்லாமல் குடிப்பதற்காக வாங்கியவர்கள் அவர்கள். உங்கள் மேலதிகாரி அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்றால் உங்கள் மேல் உண்மையான அன்பு இருக்கிறது.

1996 மெதோக்குக்கு மிக நல்ல ஆண்டு. ஆகஸ்ட் கடைசியில் பெய்த மழை சென் எமிலியோன், பொமெரோல் இருக்கும் வலது கரையில் அதிகம்; இடது கரை பெரும்பாலும் தப்பித்தது. செப்டம்பர் உலர்ந்து, பகலில் வெயிலும் இரவில் குளிருமாக இருந்தது. தாமதமாகப் பறிக்கப்படும் கபெர்னே நிதானமாக முழுசாகப் பழுத்தது, அதே சமயம் புளிப்பையும் இழக்கவில்லை. கெட்டியான துவர்ப்பு, நிமிர்ந்த புளிப்பு, அடியில் கருந்திராட்சைப் பழம்: இந்த மூன்றும் சேர்ந்தால் ஒயின் பல பத்தாண்டுகள் தாங்கும். அந்த ஆண்டின் நல்ல மெதோக்குகள் முதல் பத்து, பதினைந்து வருடம் வாயைத் திறக்கவே மறுத்தன. காத்திருந்தவர்களுக்குத்தான் அவை கிடைத்தன.

எல்லா ஒயினும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் ஒயினில் மிகப் பெரும்பான்மை வாங்கிய ஓரிரு வருடத்துக்குள் குடிப்பதற்காகத் தயாரானது. அதைக் கொண்டுபோய்ப் பத்து வருடம் வைத்தால் பழம் செத்துப்போய் புளிப்பும் தண்ணீரும்தான் மிஞ்சும். வயது ஒயினுக்குப் புதிதாக எதையும் கொண்டுவந்து போடுவதில்லை. உள்ளே ஏற்கெனவே இருப்பதை மாற்றுகிறது.

என்ன மாற்றம்? திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வரும் டானின்தான் இளம் சிவப்பு ஒயினில் துவர்ப்பைத் தருகிறது. பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கும் கன்னமும் இழுத்துக்கொள்ளுமே, அதே வேலைதான்; எச்சிலில் உள்ள புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் வாய் வறளுகிறது. வருடக்கணக்கில் பாட்டிலுக்குள் இந்த டானின்கள் ஒன்றோடொன்றும், தோலின் நிறப்பொருளான ஆந்தோசயனின்களோடும் கோத்துக்கொண்டு பெரிதாகின்றன. அவற்றில் ஒரு பங்கு கனம் தாங்காமல் அடியில் வண்டலாகப் படிகிறது. அதனால்தான் பழைய ஒயினில் நிறம் வெளுக்கிறது, துவர்ப்பு மிருதுவாகிறது, பாட்டிலுக்குள் கறுப்பாக மண்டி கிடக்கிறது. அந்த மண்டியால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, ஆனால் வாயில் நறநறக்கும், கசக்கும். ஒயின் கலங்கினால் வாசனையும் மங்கிவிடும். ஆகவே முதல் வேலை அதைக் கலக்காமல் இருப்பது.

சரி, இப்போது பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒயின் மட்டம் எங்கே நிற்கிறது? போர்தோ பாட்டிலுக்குக் கழுத்து, தோள் என்று தெளிவாக இருக்கும். இந்த வயதில் மட்டம் கழுத்தின் அடியிலோ தோளின் உச்சியிலோ இருந்தால் நிம்மதி. தோளின் நடுவில் இருந்தால் கார்க் வழியாக ஒயின் போயிருக்கிறது, காற்று வந்திருக்கிறது; நன்றாகவும் இருக்கலாம், கெட்டும் இருக்கலாம். அதற்கும் கீழே என்றால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். கார்க்கின் மேல் மூடியிருக்கும் தகடு ஒட்டிக்கொண்டு பிசுபிசுப்பாக இருந்தால், எப்போதோ சூடு பட்டு ஒயின் கசிந்திருக்கலாம். ஒரே பெட்டியில் வந்த 12 பாட்டில்களை இரண்டு வீடுகளில் பிரித்து வைத்தால், முப்பது வருடம் கழித்து அவை இரண்டு வேறு ஒயின்கள். 12, 13 டிகிரியில் அசையாத இருட்டில் கிடந்தது ஒன்று, சமையலறை அலமாரியில் ஒவ்வொரு கோடையையும் பார்த்தது இன்னொன்று. உங்கள் பாட்டில் வாங்கியவர் வீட்டு நிலவறையிலேயே இருந்திருக்கிறது என்பது லேபிளில் இருக்கும் எந்தப் பெயரையும்விடப் பெரிய நற்செய்தி.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பே, முடிந்தால் ஒரு வாரம் முன்பே, பாட்டிலை நேராக நிறுத்திவிடுங்கள். வீட்டில் இருப்பதிலேயே குளிர்ந்த, இருட்டான மூலை போதும். பக்கவாட்டில் படிந்த வண்டல் மெல்ல அடிக்கு இறங்கும். அதற்கப்புறம் திறக்கும்வரை அதைத் தூக்கி ஆட்டி யாருக்கும் காட்ட வேண்டாம்.

கார்க்தான் அடுத்த கண்டம். இந்தத் தர ஒயின்களில் கார்க் ஏறக்குறைய 5 செ.மீ. நீளம் இருக்கும். முப்பது வருடத்தில் கீழ்ப்பாதி ஊறி மெத்தென்று ஆகியிருக்கும், மேல்பாதி காய்ந்திருக்கும். சாதாரணத் திருகாணியை வேகமாக இழுத்தால் பாதியில் முறியும். பிரான்ஸில் ‘பிலாம்’ என்று கேட்டால் இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பான் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. தகடுகளை கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இப்படியும் அப்படியும் அசைத்து இறக்கி, பிறகு திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். முன்கூட்டியே ஒரு சாதாரண பாட்டிலில் பழகிப் பாருங்கள். இவ்வளவும் செய்து கார்க் முறிந்தாலும் பதற்றம் வேண்டாம். மீதியை மெதுவாக எடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே தள்ளிவிட்டு நல்ல வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. கார்க்கை எடுத்த பிறகு பாட்டில் வாயின் உட்புறத்தைச் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள்.

பாட்டிலிலிருந்து டிகாண்டரில், அதாவது ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவையில், ஊற்றி வைப்பதா வேண்டாமா? இதில்தான் ஆளுக்கொரு கருத்து. நவீன போர்தோ ஒயின் தயாரிப்பையே மாற்றியமைத்தவர்களில் ஒருவரான எமில் பெய்னோ, வண்டல் இருந்தால் மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றுங்கள், அதையும் பரிமாறும் நேரத்தில் செய்யுங்கள் என்று சொல்லிவந்தார். மணிக்கணக்கில் காற்றுப் பட்டால் ஒயினின் மணம் கலைந்து போகிறது என்பது அவர் வாதம். பழைய ஒயினைப் பொறுத்தவரை நான் முழுக்க அவர் கட்சி. முப்பது வருடம் ஏறக்குறைய காற்றே படாமல் இருந்த ஒன்றை மாலை ஐந்து மணிக்கே அகன்ற டிகாண்டரில் கொட்டி வைத்தால், ஒன்பது மணிக்கு நீங்கள் உட்காரும்போது அதன் சிறந்த நேரம் உங்களைக் கேட்காமலே கடந்து போயிருக்கலாம். கிளாஸில் நடந்தால் நீங்கள் பார்ப்பீர்கள், டிகாண்டரில் நடந்தால் யாரும் பார்ப்பதில்லை.

அதனால் என் யோசனை இது. விருந்தினர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்து, ஒரு வாய் மட்டும் ஊற்றி முகர்ந்து ருசித்துப் பாருங்கள். மணம் திறந்து வருகிறதா? கார்க்கைத் திரும்பப் போட்டுக் குளிரில் வையுங்கள். இறுகிக் கிடக்கிறதா, துவர்ப்பு இன்னும் முரடாக இருக்கிறதா? 1996இல் அப்படியும் இருக்கலாம். அப்போது உடனே வண்டல் நீக்கி ஊற்றி வைக்கலாம். வெறுமனே கார்க்கை எடுத்துவிட்டு பாட்டிலை ‘மூச்சு விட’ வைப்பதால் பெரிய பயன் இல்லை. கழுத்தில் காற்றுப் படும் பரப்பு ஒரு நாணயம் அளவுதான்.

வண்டல் நீக்குவது எளிது. மேசையில் ஒரு மெழுகுவத்தி, அல்லது போன் டார்ச். பாட்டில் கழுத்தை அந்த வெளிச்சத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, சுத்தமான குறுகிய டிகாண்டரிலோ கண்ணாடி ஜாடியிலோ நிதானமாக, ஒரே ஊற்றாக, இடையில் நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தினால் அடியில் இருப்பது அலையடித்துக் கலங்கும். கடைசியில் கழுத்தில் கறுப்புப் புகை மாதிரி ஒரு கோடு வருவது தெரியும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அடியில் ஒன்றிரண்டு விரல் அளவு போனால் போகட்டும்.

வெப்பநிலையில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ குடிக்க வேண்டும் என்ற பேச்சு, கல் சுவர் வீடுகளில் சாப்பாட்டு அறையே 17, 18 டிகிரியில் இருந்த காலத்தது. இன்றைய பாரிஸ் அடுக்ககத்தில் ஹீட்டர் போட்டால் 22, கோடையில் 28. அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், மெல்லிய மணங்கள் எல்லாம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். 16 டிகிரியில் ஊற்றுங்கள். கிளாஸில் தானாக 18 ஆகிவிடும். ஃபிரிட்ஜில் வைப்பதானால் அரை மணி நேரம், நின்ற நிலையில், ஆட்டாமல். கிளாஸ் பெரிதாக, வயிறு அகன்று வாய் குறுகியதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். அலமாரி வாசனை ஏறிய கிளாஸை முதலிலேயே வெந்நீரில் கழுவிக் காயவிடுங்கள். அன்று மாலை ஊதுபத்தி ஏற்ற வேண்டாம், சென்ட் போட வேண்டாம், மல்லிகைச் சரம் மேசைக்குப் பக்கத்தில் வேண்டாம். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன், ஏனென்றால் இனி நடக்கப்போவது எல்லாம் மூக்கில்தான்.

ஊற்றியதும் முதலில் நிறம். வெள்ளைத் துணிக்கு மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்புக்குப் போகப் போக செங்கல் நிறம், ஓரத்தில் லேசான ஆரஞ்சு. இளம் மெதோக்கில் விளிம்புவரை நாவல்பழ ஊதா இருக்கும். அதோடு ஒப்பிட்டால் இந்த வயது கண்ணுக்கே தெரியும். முழுக்கப் பழுப்பாக, மங்கலாக இருந்தால் காற்று உள்ளே போய் வேலை செய்திருக்கிறது. செங்கல் நிறத்திலும் ஒரு பளபளப்பு இருந்தால் ஒயின் உயிரோடு இருக்கிறது.

அடுத்தது மணம். சுழற்றாமல் முதலில் ஒரு தடவை முகருங்கள். முதல் முகர்வில் மூடி வைத்த பெட்டியைத் திறந்தது போன்ற ஒரு அடைப்பு வாடை வரலாம். பயப்படாதீர்கள், பத்து, பதினைந்து நிமிடத்தில் போய்விடும். போன பிறகு மெதுவாக ஒரு சுற்றுச் சுழற்றி மறுபடி முகருங்கள். மெதோக் கபெர்னேயில் நான் முதலில் தேடுவது மரவாசனையை: பென்சில் சீவும்போது வரும் தேவதாரு வாசனை, பென்சில் கரி, சுருட்டுப் பெட்டி. பக்கத்திலேயே காய்ந்த புகையிலை இருக்கும். பழம் இல்லாமல் போயிருக்காது, ஆனால் புதுப் பழமாக இருக்காது. காய்ந்த அத்தி, கிஸ்மிஸ், பாகில் ஊறிய கருப்புப் பழம் என்று அடியில் கிடக்கும். அதற்கும் கீழே மழைக்குப் பிறகான காட்டுத் தரை, உதிர்ந்த இலை, காளான், தோல் பை, சில பாட்டில்களில் டிரஃபிள் என்ற நிலத்தடிக் காளான். லேசான புதினாக் குளிர்ச்சியும் வரலாம். நன்றாக முதிர்ந்த போர்தோவில் வரும் இந்தப் புதினா மணத்துக்கு பிப்பெரிட்டோன் என்ற சேர்மம் ஒரு காரணம் என்று போர்தோ ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கபெர்னேக்கே உரிய குடைமிளகாய் வாடையும் எட்டிப் பார்க்கும். அது குறையில்லை, இனத்தின் அடையாளம்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்க வேண்டாம். தேவதாரு உங்களுக்குப் பழைய பீரோவாகத் தெரிந்தால் அப்படியே சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவருக்குப் புரியும். விமர்சகர்கள் இதற்கு 100க்கு எத்தனை புள்ளி கொடுத்தார்கள் என்று அன்று மாலைக்கு முன் தேடிப் பார்க்காமல் இருப்பது இன்னும் நல்லது. எண்ணைப் பார்த்துவிட்டால் நாக்கு அந்த எண்ணுக்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடும்.

இப்போது வாயில். சின்ன வாய் போதும். நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி உருட்டி, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். சத்தம் வரும், வரட்டும்; பிரெஞ்சுக்காரர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள். தொண்டையின் பின்னால் ஏறி மூக்கை அடையும் மணம், கிளாஸில் முகர்ந்ததிலிருந்து வேறாக இருக்கும். டானினைக் கவனியுங்கள். இளம் ஒயினில் பல் ஈறை உரசியது இதில் நுண்ணிய மாவு போலாகியிருக்கும், ஆனால் 1996இல் ஒரு முதுகெலும்பு இன்னும் நிற்கும். புளிப்பு நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்; முப்பது வருடம் கழித்தும் வாய் ஊறுகிறது என்றால் அதனால்தான். அந்தக் காலத்து மெதோக்கில் ஆல்கஹால் 12.5 சதவீதம் சாதாரணம், 13.5, 14 என்று வரும் இன்றைய ஒயின்களுக்குப் பழகிய வாய்க்கு இது மெலிந்ததாகத் தோன்றக்கூடும். அந்த மெலிவில்தான் மணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. எனக்கு இந்தப் பழைய எடைதான் பிடிக்கும், அதை மறைக்க விருப்பமில்லை.

விழுங்கிய பிறகு பேசாமல் இருங்கள். சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பிரெஞ்சு ஒயின்காரர்கள் இதற்கு ‘கோதாலி’ என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்; ஒரு கோதாலி என்பது ஒரு வினாடி. சாதாரண ஒயின் மூன்று, நான்கில் முடிந்துவிடும். நல்ல பழைய சென் ஜூலியன் பத்தைத் தாண்டி வரும், அதுவும் போகிற போக்கில் தேவதாருவிலிருந்து புகையிலைக்கும் அங்கிருந்து ஒரு மெல்லிய இனிப்புக்கும் மாறிக்கொண்டே போகும். விலை, தரம், பட்டியல் எதையும் நம்பாதவர்கள்கூட இந்த ஒன்றை நம்பலாம்.

அப்புறம் காத்திருப்பது. இந்த வகை ஒயின் வழக்கமாக எப்படி நகரும் என்று சொல்கிறேன். முதல் பத்து நிமிடம் கூச்சம்: கொஞ்சம் அடைப்பு, கொஞ்சம் இலை. இருபது, முப்பது நிமிடத்தில் தேவதாருவும் புகையிலையும் தெளிவாக நிற்கும். முக்கால் மணி நேரம் வாக்கில், செத்துவிட்டது என்று நினைத்த பழம் திரும்பி வரும். எத்தனை முறை பார்த்தாலும் இந்த இடம் எனக்குச் சலிக்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் தோலும் காட்டு மண்ணும் முன்னால் வந்து, பழம் மெல்லப் பின்வாங்கும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு தேநீர் போல மெலியத் தொடங்கலாம். எல்லாப் பாட்டிலும் இதே கடிகாரத்தில் போகாது. ஆகவே முதல் ஊற்றை ஒரேயடியாகக் குடித்து முடிக்காமல், ஒவ்வொருவரும் கால் கிளாஸையாவது கடைசிவரை வைத்திருங்கள். நான்கு பேருக்கு 750 மில்லி சரியான அளவு. ஆறு பேர் ஆனால் ஆளுக்கு ஒரு கிளாஸ் வரும், மாற்றத்தைப் பார்க்க முடியாது.

சாப்பாட்டில் விட்டுக்கொடுக்க வேண்டியது நீங்கள்தான். விருந்தினருக்கு நம் வீட்டு மட்டன் வறுவல் போட வேண்டும் என்று மனைவி நினைக்கலாம், அதில் தவறே இல்லை, ஆனால் இந்த ஒயினோடு வேண்டாம். மிளகாய்க் காரம் மிச்சமிருக்கும் துவர்ப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் தூக்கிக் காட்டும், மசாலா மணம் மற்றதையெல்லாம் மூடிவிடும். காரமான பலகாரங்களை, சாப்பாட்டுக்கு முந்தைய அபெரித்தீஃப் நேரத்தில் வேறு ஏதாவது பானத்தோடு கொடுத்து முடித்துவிட்டு, நாக்கு ஆற கொஞ்ச நேரம் விடுங்கள். இந்த ஒயினுக்கு உப்பும் கொஞ்சம் பூண்டும் போட்டு அடுப்பில் சுட்ட ஆட்டுத் தொடை போதும். பக்கத்து ஊரான போயாக்கின் இளம் ஆட்டுக்கறிக்கு பிரான்ஸில் தனிப் பெயரே உண்டு, மெதோக்கோடு சாப்பிடுவதற்காகவே பிறந்தது. வெண்ணெயில் வதக்கிய காளான் பழைய ஒயினின் மண்வாசனையோடு கைகோத்துக்கொள்ளும். கறி வேண்டாம் என்றால் அந்தக் காளானையே முக்கிய உணவாக வைக்கலாம். சீஸில் ரோக்ஃபோர் போன்ற நீலப் பூசணக்காரர்களைத் தள்ளி வைத்து, முதிர்ந்த கொந்தே அல்லது பழைய மிமோலெத் வையுங்கள்.

குறை இருந்தால் எப்படித் தெரியும்? நனைந்த அட்டைப்பெட்டி, பூஞ்சை பிடித்த அடித்தளம் போன்ற வாடை வந்து, காற்றுப் பட்டும் போகாமல், இன்னும் கூடினால் அது கார்க் நோய். டிசிஏ என்ற சேர்மம் காரணம்; ஒரு லிட்டருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அதற்கு மருந்தில்லை. நெயில் பாலிஷ் அல்லது வினிகர் நெடி தூக்கலாக இருந்தால் ஆவியாகும் அமிலம் ஏறியிருக்கிறது. அடிபட்ட ஆப்பிள் வாடையும் பழுப்பு நிறமும் சேர்ந்தால் ஆக்சிஜன் தின்றுவிட்டது. குதிரை லாய வாடை மட்டும் விவாதத்துக்குரியது. பிரெத்தனோமைசிஸ் என்ற ஈஸ்ட் தருவது அது. அந்தக் காலத்துப் போர்தோக்களில் கொஞ்சம் இருப்பது சகஜம், அளவோடு இருந்தால் எனக்கு அது இடைஞ்சலாகத் தெரிவதில்லை.

இதில் எதுவும் முன்கூட்டித் தெரியாது என்பதால் மாற்றாக ஒரு இளம் ஒயின் பாட்டில் வாங்கி வையுங்கள். அதே தோட்டத்தின் இரண்டாம் ஒயின் (முதன்மை ஒயினில் சேர்க்காததைக் கொண்டு தயாராவது) ‘லா ரிசர்வ் தெ லெயோவீல் பார்ட்டன்’ கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் மெதோக்கின் தென்பகுதியான ஓ-மெதோக்கிலிருந்து ஏதாவது ஒன்று. இரண்டு வாங்க முடிந்தால், ஒன்றை விருந்துக்குச் சில நாள் முன்பு நீங்கள் இருவரும் திறந்து, மேலே சொன்ன அதே வரிசையில் நிறம், மணம், வாய் என்று நிதானமாகப் பாருங்கள். ஊதா விளிம்பும், முட்டிக்கொண்டு வரும் கருப்புப் பழமும், ஈறை இழுக்கும் துவர்ப்பும் நினைவில் பதிந்திருந்தால்தான், 1996 எங்கிருந்து புறப்பட்டு எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பது அன்று மாலை தெரியும். இன்னொரு பாட்டிலை மூடியபடியே வையுங்கள். பழையது நன்றாக இருந்தால் அதைத் திறக்க வேண்டியதில்லை. பழையது கெட்டிருந்தால், கொடுத்தவரிடம் மறைக்காமல் அவருக்கும் ஒரு வாய் ஊற்றிக் காட்டிவிட்டு அதைத் திறந்துகொள்ளுங்கள். நிலவறை வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கம்தான், சங்கடப்பட மாட்டார்.